தோவாவின் பாதி

கல்யாணமான நாளிலிருந்து பிங்கின் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் செபமாலை உண்டு. மாதா படத்துக்கு எதிரே மனைவி தோவா பாயை விரித்து உட்காருவாள். பிங் வலை ஊஞ்சலில் படுத்துக்கொள்வார். பட்டறையில் நாள் முழுவதும் நாற்காலிகளுக்கு மெருகு பூசிவிட்டு வந்த உடம்பு அதற்கு மேல் நிமிராது. மாலையின் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதியை தோவா சொல்வாள், மறுபாதியை அவர் சொல்லி முடிப்பார். அந்த வட்டாரத்தில் எல்லா வீடுகளிலும் ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பதுதான் வழக்கம்.

அவர் அரைத்தூக்கத்தில்தான் சொல்வார். சில நாள் வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும், ஆள் இருக்கமாட்டார். தோவா அதைக் கண்டுபிடித்துவிடுவாள். பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்று. மூன்றாவது பத்து முடிந்து நான்காவது தொடங்கும் இடத்தில், செபத்தின் ராகம் கொஞ்சமும் மாறாமல், "அடுப்ப அணைச்சீங்களா?" என்று கேட்பாள். மண்சட்டியில் மீன்சாறும் சர்க்கரையும் சேர்த்த மீன் சுண்டிக்கொண்டிருக்கும். "அணைச்சாச்சு" என்று அவரும் அதே ராகத்தில் பதில் சொல்வார். அது பொய்யாக இருந்தால், சத்தமில்லாமல் எழுந்து போய் அணைத்துவிட்டு வருவார்.

மழைக்காலத்தின் நடுவில் தோவா இறந்துபோனாள். ஈரல் நோய். பேச்சு அடங்குவதற்கு முன், "செபத்த விட்டுடாதீங்க" என்றாள். பிங் "சரி" என்றார். கதவைத் தாழ் போட மறக்காதீர்கள் என்று சொன்னதற்குச் சொல்வது போலத்தான் சொன்னார். வேறு எப்படிச் சொல்வது என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அடக்கப் பூசையில் பாதிரியார், இந்தச் சகோதரி இளைப்பாறுதலுக்குள் போய்விட்டாள் என்றார். துக்கத்துக்கான வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிங்குக்கு அந்தச் சொல் அடுத்த தெரு ஒலிபெருக்கியில் வருவது போல இருந்தது. அவர் அழவில்லை. உறுதியான விசுவாசம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது விசுவாசமா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மெருகு காய்ந்து படிந்த விரலால் எதைத் தொட்டாலும் தொட்ட மாதிரியே இருக்காது. உள்ளே எல்லாம் அப்படி ஆகியிருந்தது.

வந்தவர்கள் போன பிறகு, முதல் நாள் மாலை, பாயை அவரே விரித்து உட்கார்ந்தார். மணியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் தொடங்கியதில்லை. முதல் பாதி தெரியாமல் இல்லை, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சொல்லிப் பார்த்தார். அவளைப் போலப் பேசிக் காட்டுவது மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டார். பிறகு, அவள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டுத் தன் பாதியை மட்டும் சொன்னார். அடுத்த மணிக்கும் அப்படியே.

அன்றிலிருந்து தினமும் அதுதான். நாளாக ஆக நடுவில் விடும் மௌனம் நீண்டுகொண்டே போனது. சில சமயம் அதற்குள் உட்கார்ந்தே இருந்துவிடுவார். அழைப்பதாகவோ யாரோ கேட்பதாகவோ ஒன்றும் தோன்றாது. வருகிறேன் என்று சொன்ன இடத்துக்கு வந்து உட்கார்வது, அவ்வளவுதான். ஊஞ்சலில் துவைத்த துணிகள் குவிந்து கிடந்தன. படுக்கையில் படுத்தால் கண் மூடியிருக்கும், தூக்கம் வராது.

நவம்பர் பிறந்ததும் வட்டாரத் தலைவர் ஃபுங் வந்தார். கோயில் காரியங்களுக்கு வீடு வீடாகப் போகிறவர்.

"எங்க தம்பி, கூட்டுச் செபத்துக்கு ஆளையே காணோம்?"

"வீட்டுல சொல்லிடறேண்ணே."

"தனியாவா?"

"என் பாதிய மட்டும்."

ஃபுங் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அதென்னப்பா உன் பாதி? தனியா இருக்கறவன் ரெண்டையும் தானே சொல்லிக்க வேண்டியதுதான். நான் வண்டி ஓட்டறப்ப அப்படித்தான் சொல்றேன். சிக்னல்ல நிக்கறப்ப ஆமென் வந்துடும்."

"முதல் பாதி எனக்கு வரமாட்டேங்குது."

"வரமாட்டேங்குதா! இது என்ன பிரசவமா?" என்று சிரித்தவர், பிங் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பாதி சொன்னா சேராதாண்ணே?" என்று பிங் கேட்டார்.

ஃபுங் காதைச் சொறிந்தார். "எனக்கு என்ன தெரியும்... இது இறந்தவங்க மாசம் தம்பி. பாதிக் கஞ்சியப் படைப்பாங்களா? அவளுக்காகச் சொல்றத முழுசாச் சொல்லிடேன்."

மறுநாள் பிங் கூட்டுச் செபத்துக்குப் போனார். ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், வீடு நிறையக் குரல்கள். அவர் வாயும் அசைந்தது. முடிந்ததும் வாழைப்பழமும் தேநீரும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பாயை விரித்துத் தன் பாதியை மறுபடி சொன்னார். இதுவரை சொன்னது எதுவும் தோவாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காதோ என்ற எண்ணம் அன்று வந்தது. அது பயமாகக்கூட இல்லை, ஒரு தகவல் போல வந்து உட்கார்ந்துகொண்டது.

சைகோனிலிருந்து மகள் யென் தினமும் கூப்பிடுவாள்.

"அப்பா, கிறிஸ்மஸுக்கு முன்னாடி வந்து கூட்டிட்டு வந்துடறேன். வீட்டப் பூட்டிடலாம்."

"பாக்கலாம்."

"ரெண்டு மாசமா அதையேதான் பாத்துட்டு இருக்கீங்க. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

அவருக்கு ஞாபகம் வரவில்லை. "அதான், சோறு."

"தெரியும், சோறுன்னுதான் சொல்வீங்க."

இந்த மாதம் முடியட்டும் என்று பிங் முடிவு செய்தார். அதற்குள் செபம் முழுதாக வரவில்லையென்றால் பாயைச் சுருட்டி மேலே போட்டுவிட்டு மகளோடு போய்விடலாம். கொடுத்த வாக்கைப் பாதிப்பாதியாக எத்தனை நாள் இழுப்பது?

மாதம் முடியும் தறுவாயில் ஒரு மாலை. மீன் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் லியூ உரலில் நண்டு இடித்துக்கொண்டிருந்தாள். சந்து முனையில் நண்டுச் சாறு ஊற்றி நூடுல்ஸ் விற்கிறவள். அவள் வீட்டில் கருணைத் தேவி குவான் ஆம் சிலை இருந்தது, மாலையானால் ஊதுபத்தி வாசனை இந்தப் பக்கம் வரும். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அதுவும் முக்கால் உயரம்தான், மேலே தகரம். சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் போவது என்று எப்போதோ ஒரு சண்டை வந்து, அவளும் தோவாவும் முகம் பார்த்துப் பேசுவதை விட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

பிங் மௌனமாக இருந்தார். பிறகு தன் பாதியைச் சொன்னார். மறுபடி மௌனம்.

உலக்கைச் சத்தம் நின்றது.

"பிங் அண்ணே!"

"ம்?"

"என்ன பண்றீங்க அங்க?"

"செபம்."

"இதுவா செபம்? கொஞ்சம் பேச்சு, அப்புறம் ஒரு பொழுதுக்குச் சும்மா, அப்புறம் கொஞ்சம் பேச்சு. யார் கூடவோ ஃபோன் பேசற மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் உக்காந்திருக்கறவளுக்குப் பைத்தியம் பிடிக்குது."

"சத்தமா இருந்தா மெதுவாச் சொல்லிக்கறேன்."

"யாரு சத்தம்னு சொன்னது? என் சாறு கெட்டுப்போகுதய்யா! உங்க வீட்டுக்காரி அஞ்சாவது சுத்து முடிக்கறப்பதான் நான் சட்டிய இறக்கி வண்டில ஏத்துவேன். எனக்கு அதுதான் கடிகாரம். இப்ப நீங்க இழுக்கற இழுப்புல நண்டெல்லாம் கரைஞ்சுபோகுது. நேத்து ஒருத்தன் கேக்கறான், நண்டு எங்க, நீந்திப் போயிடுச்சான்னு."

"அவதான் இல்லையே, லியூ."

"அது எனக்குத் தெரியாதா?"

உலக்கை உரலில் ஒரு தடவை இடித்து நின்றது.

"எனக்குத் தொடங்க வராது" என்றார் பிங்.

"தெரியும். தெனமும் கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

பிறகு அவள் தொடங்கினாள்.

லியூ தெற்கத்திக்காரி. ஆனால் அந்த முதல் பாதி மட்டும் தோவாவின் வடக்கத்திக் குரலில் வந்தது. தோவா மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, இழுக்கும் இடத்தில் இழுத்து வந்தது. பிங்கின் வாய் தன் பாதியைச் சொல்லியிருந்தது. இது சரியா, சிலைக்கு ஊதுபத்தி ஏற்றுகிறவள் சொல்லி நாம் முடிக்கலாமா, ஃபுங் அண்ணன் கேட்டால் என்ன சொல்வார் என்றெல்லாம் பிறகுதான் யோசித்தார். அதற்குள் அடுத்த மணி வந்துவிட்டது. யோசித்தபடியே அதற்கும் பதில் சொன்னார். ஒன்று, இரண்டு என்று சுற்றுகள் போயின. உள்ளே எப்போதும் போலத்தான் இருந்தது, ஒன்றும் அசையவில்லை. மௌனம் மட்டும் இல்லை.

மூன்றாவது பத்து முடிந்தது.

"அடுப்ப அணைச்சீங்களா?" என்றது சுவருக்கு அப்பாலிருந்த குரல், அதே ராகத்தில்.

"அணைச்சாச்சு" என்றார் பிங்.

சொன்ன பிறகுதான், அணைக்கவில்லை என்பது தெரிந்தது. எழுந்து போனார். அடுக்களை முழுக்கப் புகை. சட்டியில் மீன் கரியாகியிருந்தது. கருகிய மீன்சாறும் சர்க்கரையும் சேர்ந்த நாற்றம் மூக்கில் அறைந்தது. இவ்வளவு நாளாக எதன் வாசனையும் தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுப்பை அணைத்தார். சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினார். கண்ணில் நீர் வந்தது. புகை என்று நினைத்தார். சன்னலைத் திறந்து புகையெல்லாம் போன பிறகும் அது நிற்கவில்லை. சட்டித் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எங்கண்ணே போனீங்க? நாலாவது சுத்து நிக்குது."

"லியூ... அது செபத்துல கிடையாது."

"எது?"

"அடுப்பு."

"கிடையாதா?" அவள் குரல் உண்மையாகவே திகைத்தது. "தெனமும் அதே இடத்துல வந்துச்சே! நீங்களும் பாட்டாவே பதில் சொல்வீங்க. உங்க சாமிக்கு எது, உங்க வீட்டுக்கு எதுன்னு நான் என்னத்தக் கண்டேன்? எடுத்துடவா?"

பிங் கையிலிருந்த சட்டித் துணியை மடித்தார்.

"வேணாம். இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா சரி. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே உக்காருங்க. சனிக்கிழமை, கூட்டம் சீக்கிரம் வந்துடும்."

"சரி" என்றார். தோவாவிடம் சொன்னதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

கால் வலித்தது. ஊஞ்சலிலிருந்த துணிகளை எடுத்துப் பாயில் போட்டுவிட்டு ஏறிப் படுத்தார். வலை அவர் உடம்புக்குத் தக்கபடி இறங்கிக் கொடுத்தது. அந்தப் பக்கம் நான்காவது சுற்று தொடங்கியது. அவர் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல நாக்கு கனத்தது. ஐந்தாவதில் எங்கோ ஒரு மணியைத் தவறவிட்டார்.

"அண்ணே?"

அவர் பதில் சொல்லத்தான் நினைத்தார்.

"தூங்கிட்டாரு பாரு" என்று லியூ தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு அவர் பாதியையும் அவளே சொல்லத் தொடங்கினாள், சட்டியை இறக்க வேண்டுமே. அவர் தடுமாறும் இடத்தில் அவளும் அப்படியே தடுமாறினாள். அது அவருக்கு வெகு தூரத்தில் கேட்டது. பிறகு வண்டிச் சக்கரம் சந்தில் உருளும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.