மூன்றடைப்பில் நின்ற மோட்டார்

முத்துமாலை ஓட்டிய மோட்டாருக்குப் புதிதாக ஒரு வியாதி வந்திருந்தது. திருநெல்வேலியில் கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. பாளையங்கோட்டைத் தெருக்களில் கோழிகளை விரட்டிக்கொண்டு ஜம்மென்று போகும். மூன்றடைப்பு ஊர் கண்ணில் பட்டதோ இல்லையோ, இருமும், விக்கும், நடுரோட்டில் நின்று தொலைக்கும். அங்கிருந்து நாங்குநேரிக்கு மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும்.

மோட்டாரின் சொந்தக்காரர் காந்திமதிநாதன் பிள்ளை ஜவுளி வியாபாரி. நாங்குநேரியில் இருந்த கடையைப் பார்க்க வாரம் ஒரு தடவை போவார். பின்னால் உட்கார்ந்தால் ஊர் தன்னைச் சரியாகப் பார்க்காது என்று டிரைவருக்குப் பக்கத்திலேயே உட்காருவார். வண்டி நின்றாலும் இறங்க மாட்டார். இறங்கினால் வண்டி கெட்டுப்போனதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். மாடு வந்து இழுக்கிறபோதும் ஊர்வலம் போகிற மாதிரி நிமிர்ந்தே இருப்பார்.

அந்த மாடுகள் சங்கிலிபூதத்தானுடையவை. முத்துமாலைக்கு வயிறு எரிந்தது அதனால்தான். மூன்றடைப்பில் பாரவண்டி வைத்திருந்தவர் அவர். அவருடைய மகள் செல்லக்கிளியைத்தான் அவன் கட்ட நினைத்திருந்தான். அவளுக்கும் அதே நினைப்பு. முறைக்கு அவர் மாமாதான். ஆனால் வாய் தவறிக்கூட மருமகனே என்று கூப்பிட்டதில்லை. "ஏலே மோட்டாரு" என்பதோடு சரி. போன வாரம் நாங்குநேரிக் கடைத்தெருவில் மாட்டை அவிழ்க்கும்போது, நாலு பேர் காதில் விழும்படி கெடு வைத்துவிட்டார். அடுத்த வாரம் மாடு கட்டாமல் வண்டி நாங்குநேரி சேர்ந்தால் பெண் அவனுக்கு. கட்டினால், தை மாதம் தன் தங்கை மகனுக்கு.

முத்துமாலை அந்த வாரம் முழுக்க மோட்டாரைக் குடைந்தான். குற்றவாளி யாரென்று அவனுக்கு ஒரு தீர்மானம் இருந்தது. கார்புரேட்டர் என்கிற பித்தளைக் குடுவைக்குள் கடுகு நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் அதன் வழியாகத்தான் பொடிப்பொடியாகச் சிதறி எஞ்சினுக்குப் போகும். வண்டி நிற்கும்போதெல்லாம் அதைக் கழற்றி ஊதி மாட்டினால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நிற்கும். தூசிதான் அடைக்கிறது, வேறு என்ன? ஆகவே பெட்ரோலை இரட்டை மடிப்பு வேட்டியில் இரண்டு முறை வடிகட்டி ஊற்றினான்.

அந்த நாள் வந்தது. மூன்றடைப்பும் வந்தது. வண்டி இருமியது, விக்கியது, ரோட்டோர முள் உடைமரங்களுக்கு நேராக நின்றது.

சங்கிலிபூதத்தான் வடக்கயிற்றோடு தயாராகக் காத்திருந்தார். மாடுகளைப் பிடித்துக்கொண்டு செல்லக்கிளி நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முத்துமாலைக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினான். அவர் சாவகாசமாக மைல்கல்லில் உட்கார்ந்து மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார்.

"இதை மென்னு துப்புத வரைக்கும் பொறுப்பேன். பெறகு கயிறுதான் பேசும்."

முத்துமாலை மண்ணில் குப்புற விழுந்து கார்புரேட்டரைக் கழற்றினான். துளையைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் வானம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு தூசி இல்லை. இத்தனை வாரமும் ஒன்றுமறியாத ஒன்றைப் போட்டுப் படுத்தியிருக்கிறான்! சரி, பெட்ரோல் வருகிறதா என்று குழாயைக் கழற்றினான். இரண்டு சொட்டு விழுந்தது. மூன்றாவது சொட்டு விளிம்பில் தொங்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அப்படியானால் டாங்கே காலியா? காலையில் அவன் கையால்தானே ஊற்றினான்!

டாங்க் இருந்தது முன்சீட்டுக்கு அடியில். சீட்டின் மேல் காந்திமதிநாதன் பிள்ளை இருந்தார்.

வழியில் அவரை எழுப்பும் துணிச்சல் அவனுக்கு இதுவரை வந்ததில்லை. இன்றைக்குப் பெண் போகிறது, வேலை போனால் என்ன என்று எழுந்திருக்கச் சொல்லிவிட்டான். பிள்ளை அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். மைல்கல்லில் வெற்றிலை பாதி மெல்லப்பட்டிருந்தது.

முத்துமாலை டாங்க் மூடியைத் திருகினான். 'உஸ்' என்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. அதே நொடியில் கீழே கழன்று கிடந்த குழாயிலிருந்து பெட்ரோல் குபுகுபுவென்று கொட்டியது.

அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூடியைத் திரும்ப மாட்டி இறுக்கினான். ஒழுக்கு மெலிந்து, நூலாகி, சொட்டாகி, நின்றது. திறந்தான். கொட்டியது. மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் கக்கிக் கக்கி நின்றுவிடும், எதிர்மூலையில் காற்றுக்கென்று இன்னொன்று போட வேண்டும் என்பது கடையில் எண்ணெய் அளக்கிற எவனுக்கும் தெரியும். டாங்குக்கு அந்த இரண்டாவது ஓட்டை எங்கே? மூடியில் ஊசிமுனை அளவில் இருந்ததே!

மூடியைத் திருப்பிப் பார்த்தான். நடுவில் அரை விரல் கனத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம், எல்லாம் காய்ந்து கல்லாகியிருந்தன. ஆயுதபூசையன்று அவனே வைத்த பொட்டு. வண்டிக்குத் தீனி போகிற வாய் என்று மற்ற எல்லா இடத்தையும்விட இங்கே தாராளமாக அப்பி, பெருவிரலால் அழுத்தியும் விட்டிருந்தான். ரேகைகூட அழியவில்லை. நோவு தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். பெட்ரோல் ஊற்றும்போது உள்ளே போன காற்று மூன்றடைப்பு வரைக்கும்தான் தாங்கியிருக்கிறது. அடப் பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டபோது அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு முள்ளு குடு செல்லக்கிளி, நல்ல முள்ளா."

அவள் மாட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, உடைமரத்தில் நீள முள்ளாகப் பார்த்து ஒடித்து நீட்டினாள். அவன் சந்தனத்தைச் சுரண்டினான். முள்ளை உள்ளே விட்டுச் சுழற்றினான். மூடியை உதட்டில் வைத்து ஊதினான். காற்று சுகமாக மறுபக்கம் போனது. குழாயையும் கார்புரேட்டரையும் மாட்டி முடுக்கினான். முன்னால் ஓடி, எஞ்சினைக் கிளப்புகிற கைப்பிடியைச் சுழற்றினான். வண்டி முழங்கியது. மாடுகள் மிரண்டு பின்வாங்கின. சங்கிலிபூதத்தான் வெற்றிலையைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

ஆனாலும் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. இது முன்னாலும் இப்படி முழங்கி ரெண்டு எட்டு வைத்து நின்றதுதான், வழியில் வேறு யார் மாட்டையாவது கட்டினால் யாருக்குத் தெரியும் என்றார். சாட்சியாகத் தானும் வருவேன் என்று வடக்கயிற்றோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மாடுகளை வீட்டுக்கு ஓட்டிப் போகச் சொல்லி மகளுக்கு உத்தரவானது. அவள் சரி என்று சொன்ன சிரிப்பிலேயே முத்துமாலைக்குப் பாதித் தூரம் கடந்த மாதிரி இருந்தது.

வண்டி பறந்தது. பனைகள் பின்னால் ஓடின. காந்திமதிநாதன் பிள்ளை தொப்பை குலுங்க நிமிர்ந்திருந்தார். சங்கிலிபூதத்தான் முதலில் கண்ணை இறுக மூடியிருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு எழுந்து நின்று, எதிரே வந்த தெரிந்த வண்டிக்காரனை ஓரம் போகச் சொல்லிச் சத்தம் போட்டார். ஒரு இருமல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. வானமாமலைப் பெருமாள் கோயில் கோபுரம் எழும்பி வந்தபோது முத்துமாலைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜவுளிக்கடை வாசலில் பிள்ளை கம்பீரமாக இறங்கி உள்ளே போனார். பின்சீட்டு ஆள் அசையவில்லை. கயிற்றைச் சுருட்டிக் காலடியில் போட்டுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எறங்கலியா மாமா?"

"எதுக்கு எறங்கணும்? பைய அந்த வெத்தலைக் கடைகிட்ட நிப்பாட்டும். ஒரு கவுளி நல்ல கொழுந்தா வாங்கணும். வீட்டுக்குப் போயித் தட்டு மாத்த வேண்டாமா, மருமவனே?"