பெட்ரோல் வாடை

செத்துக் கிடந்த அப்பாவின் தலைமாட்டு விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, தீக்குச்சியை உரசப் போன கவிநேசனின் மணிக்கட்டை ராமையா எட்டிப் பிடித்தார்.

"டேய், நில்லுடா! மூக்கு அடைச்சிருக்கா ஒனக்கு? வீடே பெட்ரோலா நாறுது."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட ஒரு நிமிடம் நிறுத்தி மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். உண்மைதான். ஊதுபத்தி வாசனைக்கு அடியில் பெட்ரோல் வாடை கூடம் முழுக்க நின்றது. எல்லோர் கண்ணும் ஜன்னலோரம் சாத்தியிருந்த என்ஜின் சைக்கிள் மேல் போனது.

சாமிக்கண்ணு நேற்றுச் சாயங்காலம் மர ஆலையில் ஜாகா என்ற காவல் வேலை முடிந்து வந்தார். சைக்கிளைப் படியேற்றி, ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, "நெஞ்சு கரிக்குது" என்று மட்டும் சொல்லிச் சரிந்தார். அப்படியே கதவைச் சாத்திக்கொண்டு மலாக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இன்று காலை லூபோக் சீனா தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வேனில் திரும்பி வந்தது அவர் உடல்தான். சங்கிலிச் சாவி அவருடைய கால்சட்டையோடு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

"சங்கிலிய அறுத்து வெளிய தள்ளிரலாம்லா" என்றார் யாரோ.

"வெளிய எங்க? கூடாரத்துல அம்புட்டு பேரும் சிகரெட்டு ஊதிக்கிட்டு உக்காந்திருக்கான். மழை வேற" என்றார் ராமையா. சாமிக்கண்ணுவின் பெரியப்பா மகன் அவர். இந்தத் தாமானில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்துகிறவர். "மொதல்ல பெட்ரோல எறக்கு. பொணம் விளக்கில்லாம கெடக்குது."

முத்தாயி புருஷன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. 'பெட்ரோல எறக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு மறுபடியும் கண்ணீர் முட்டியது. அந்தக் காரியம் அவள் சொத்து அல்லவா!

இருபத்தாறு வருஷ வாழ்க்கையில் சாமிக்கண்ணு அவளுக்குப் பூ வாங்கித் தந்ததில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை. வேலைக்குப் போகும்போது 'வரேன்', வந்தபிறகு 'தண்ணி', படுக்கும்போது 'லைட்ட அடை'. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை செலவழித்தால் அன்றைக்கு அவருக்குக் கை தாராளம் என்று அர்த்தம். ஆனால் பதினோரு வருஷமாக அவர் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்தார். பழைய சைக்கிளில் சின்ன என்ஜினைப் பொருத்தி வாங்கி வந்த புதிதில் அதை வாசலில்தான் நிறுத்தினார். பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் களவு போனதும் உள்ளே ஏற்றினார். முத்தாயிக்குப் பெட்ரோல் வாடை ஆகாது. ஒரு வாரம் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தாள். அப்புறம் ஒரு நாள் அவராகவே இதை ஆரம்பித்தார். தெருமுனையிலேயே பெட்ரோல் குழாயை அடைத்துவிடுவார். குழாயில் மிச்சமிருப்பதைக் குடித்து முடித்து, வண்டி சரியாக வாசலில் வந்து இருமி நிற்கும். பிறகு டாங்கில் இருப்பதைக் காலியான கிச்சாப்புச் சாஸ் போத்தலில் இறக்கி, வெளியே கொல்லைச் சுவரில் வைப்பார். டாங்கின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடி, ரப்பர் வளையம் போட்டு, அதன்மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அதன்பிறகு சைக்கிள் வீட்டில் இருப்பதே மூக்குக்குத் தெரியாது. நேற்று மட்டும்தான் அதைச் செய்யுமுன் சரிந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஊரு ஒலகத்துல எது முக்கியமோ இல்லியோ, எம் மூக்கு முக்கியம்" என்று காய்கறி வேனைச் சுற்றி நிற்கும் பெண்களிடம் அவள் சொல்வாள். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். அவர்கள் வயிறு கொஞ்சம் எரிந்தால் அவளுக்கு அன்றைய குழம்பு ருசிக்கும்.

கவிநேசன் டாங்க் மூடியைத் திருகினான். சைக்கிளைச் சாய்த்தான். பெட்ரோல் தளும்பித் தரையில் சிந்தி, பிணத்தின் பாய் வரை ஓடி வந்தது. பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கத்தினார்கள்.

"எனக்கு என்னாப்பா தெரியும்? அப்பா யாரையும் தொட விடமாட்டாரு" என்று அவன் அழுதே விட்டான்.

அப்போதுதான் வாசலில் நனைந்த குடையோடு நின்ற ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ தூரத்து உறவு என்று எல்லோரும் வழி விட்டார்கள். சாமிக்கண்ணுவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கும்பிட்டாள். பிறகு நேராகச் சைக்கிளிடம் போனாள்.

"சாய்க்காத தம்பி. அடியில ரப்பர் குழா இருக்கு பாரு, அதக் கழட்டணும். ஒரு போத்தல் குடு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டு, திருகைத் திருப்பினாள். பெட்ரோல் மெல்லிய சத்தத்தோடு இறங்கியது. என்ஜின் அடியிலிருந்த சின்னத் திருகாணியைத் தளர்த்தி, கடைசிச் சொட்டையும் துணியில் வாங்கினாள். சிந்தியதைத் துடைத்து, துணியையும் போத்தலையும் கவிநேசனிடம் கொடுத்து வெளியே அனுப்பினாள். தன் கைப்பைக்குள் தேடி, தேத்தண்ணீர் கட்டித் தரும் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து டாங்கின் வாயை மூடினாள். மணிக்கட்டில் கிடந்த ரப்பர் வளையத்தை உருவிப் போட்டாள். போட்டுவிட்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

முத்தாயியின் அழுகை நின்றுவிட்டது.

ஜன்னல்களைத் திறந்து விட்டார்கள். வாடை போனதும் ராமையாவே விளக்கை ஏற்றினார். "நல்ல நேரத்துல வந்தம்மா. எந்த ஊரு?"

"புலாவ் செபாங். பேரு மாரியம்மா. ரயில் ஸ்டேசன் பக்கத்துல நாசி லெமாக் சோறு விக்கிறேன். ஞாயித்துக்கெழம அங்க குவார்ட்டர்ஸ்ல புல்லு வெட்ட வருவாரு. மழை வந்திச்சின்னா வண்டிய எங்க வீட்டுக்குள்ள ஏத்தி வப்பாரு. இன்னிக்கிக் காலைல ஆலை லோரிக்காரரு சொல்லித்தான் தெரியும்."

அவள் அவரை அண்ணன் என்று சொல்லவில்லை. அவர் வயதுக்கு யாராக இருந்தாலும் அண்ணன் என்றுதான் சொல்வார்கள். முத்தாயி அதைக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்த கணக்கை மனசுக்குள் எடுக்க ஆரம்பித்தாள். இந்த ஊரில் மழைக்கா பஞ்சம்!

மாரியம்மா கை கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வேறு இடமா இல்லை?

"மனசத் தேத்திக்குங்கக்கா" என்றாள்.

"இந்த வேலய ஒனக்கு அவரு சொல்லிக் குடுத்தாரா?" முத்தாயியின் குரல் கரகரத்தது.

"ஐயோ, இல்லக்கா. நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரரு ரயில்வேல டிராலி என்ஜின் பாத்தவரு. அவரு தவறிப்போனப்புறமும் எனக்கு மறக்கல. இவருதான் ஒரு நாளு வந்து கேட்டாரு. 'வீட்ல அதுக்கு வாடை ஆவல, வாந்தி எடுக்குது, என்னா செய்யிறது'ன்னு. ரெண்டு வாரம் வந்து வந்து கத்துக்கிட்டாரு. எல்லாம் ஒங்களுக்காகத்தான்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். முத்தாயிக்கு அது நெஞ்சில் காரம் தடவியது போல் இருந்தது. ஆக, அவள் சொத்தும் கடன் வாங்கியதுதான்.

"ஒங்களப் பத்திதான் எப்பவும் பேச்சு" என்று மாரியம்மா தொடர்ந்தாள். "கல்யாணத்தன்னிக்கு லோரியில வரப்ப, பெட்ரோல் வாடை தாங்காம அவரு பட்டு வேட்டியிலயே வாந்தி எடுத்திட்டீங்களாமே. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"சிரிப்பாரா?"

"ஆமாக்கா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும்."

முத்தாயி புருஷன் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அந்த லோரியில் அவர் வேட்டியை உதறிவிட்டுப் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கே தன்னை அருவருத்துவிட்டார் என்று அவள் எத்தனையோ வருஷம் கூசிக் கிடந்தாள். ஒரு நாள் அவளிடமே சொல்லிச் சிரித்திருந்தால் என்ன? அவளும் சேர்ந்து சிரித்திருப்பாளே! கண்ணில் தண்ணி வர அவர் சிரிப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருக்கிறவளைக் கேட்டால் சொல்வாள்.

வயிறு பற்றி எரிந்தது. வேறு மாதிரி உறவாக இருந்திருந்தாலாவது முடியைப் பிடித்து வாசலில் இழுத்துப் போடலாம். கூடாரத்தில் இருக்கிற அத்தனை பேரும் அவள் பக்கம் நிற்பார்கள். பேசினார், சிரித்தார் என்று யாரிடம் போய் முறையிடுவது? இங்கே பத்து வார்த்தை போட்டுவிட்டு மூட்டையை அங்கே போய் அவிழ்த்திருக்கிறார் மனுஷன். செத்துக் கிடக்கிறவரை உலுக்கி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மழை விட்டதும் காரியங்கள் வேகமாக நடந்தன. குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, மாலை போட்டார்கள். ராமையா எவர்சில்வர் தட்டில் அரிசியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார்.

"வாய்க்கரிசி போடுறவங்க வாங்க. ஒறவுமொறைக்காரங்க எல்லாம் போட்டுருங்க. வேன் வந்திருச்சு."

கவிநேசன் போட்டான். பங்காளிகள், அவர்கள் மனைவிமார், ஒவ்வொருவராக மூன்று தடவை அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். முத்தாயி தன் முறைக்கு முட்டி போட்டு உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது வரிசையின் கடைசியில் மாரியம்மா நின்றாள். தலையில் முக்காடு போட்டிருந்தாள். வலது கையை வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள்.

முத்தாயி ஒரு பிடி போட்டாள். இரண்டு. மூன்று. எழுந்திருக்கவில்லை. நான்காவது பிடியையும் அள்ளினாள்.

"போதும்மா" என்றான் கவிநேசன்.

அவள் நிறுத்தவில்லை. பிடி பிடியாக அள்ளி அந்த மூடிய உதட்டின் மேல் போட்டாள். அரிசி கன்னத்தில் வழிந்தது, மாலைக்குள் விழுந்தது, காதுப்பக்கம் குவிந்தது. பெண்கள் அவள் துக்கத்தைப் பார்த்துக் குரலெடுத்து அழுதார்கள். தட்டின் அடியில் மிச்சமிருந்ததையும் அவள் விரலால் கூட்டி எடுத்துப் போட்டாள்.

மாரியம்மா குனிந்து கையை நீட்டினாள். தட்டு வெறுமையாக இருந்தது.

"உள்ள அரிசி இருக்கு, கொண்டாரட்டா?" என்று சமையல்கட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"வேணாம்" என்றாள் முத்தாயி. "எல்லாரும் போட்டாச்சு."

ராமையா ஒருவர் முகத்தையும் பார்க்காமல் பாடைக்காரர்களைக் கூப்பிட்டார். மாரியம்மாவின் கை கொஞ்ச நேரம் தட்டுக்கு மேலேயே நின்றது. பிறகு அது சாமிக்கண்ணுவின் காதருகே போய், காதுக்குள் விழுந்திருந்த ஒரு அரிசி மணியை விரல் நுனியால் அலுங்காமல் எடுத்தது. அவள் அதைத் தட்டில் போட்டாள்.

அவ்வளவு அழுகைச் சத்தத்திலும் அது எவர்சில்வரில் விழுந்தது முத்தாயிக்குக் கேட்டது.