பஸ் திரும்ப ஒரு மூலை

1.

ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கதை பின்பக்கமாக ஓடிய ஒரு டவுன் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. எழுபத்தொன்பதாம் வருடம். திரும்ப இடமில்லாமல் இரண்டு மைல் ரிவர்ஸிலேயே போனது அந்த பஸ். உள்ளே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். ரோட்டோர மல்லிகைச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி வரும் கதையில் அவள் முகம் மட்டும் நிஜம். மற்றதெல்லாம் என் கற்பனை.

2.

'வைகைக் கரையில் பொழுது மெல்ல மெல்லப் புலர்ந்து—'

இந்த வரியை அடித்துவிட்டேன். முதல் பஸ் வரும் ஊரில் எதுவுமே மெல்ல நடக்காது!

மதுரைக் கோச்சடைக்கு மேற்கே புதுத் தார் ரோடு. இதோ பஸ் வந்தே விட்டது! சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கியது, தேங்காய் சிதறியது. வெள்ளைத்துரை முந்தின நாளே டீக்கடை போட்டுவிட்டான். (வட்டார வளர்ச்சி பற்றிக் கட்டுரை எழுதுவோர் கவனிக்க: வளர்ச்சி வந்ததும் முதலில் டீதான் குடிக்கும்.)

பஸ்ஸின் நெற்றியில் தொங்கிய மாலை தங்கப்பொண்ணு கட்டியது. அவளுக்கு ரோட்டோரம் நாற்பது மல்லிகைச் செடி. தலைச்சுமையாக நடந்து மதுரை மார்க்கெட் சேருவதற்குள் மொட்டு விரிந்துவிடும். பாதி விலைதான் கிடைக்கும். இனி பஸ்ஸில் போனால் முழு விலை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

3.

டிரைவர் நல்லகாமன் இறங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டியத் திருப்ப எடமில்லையேப்பா. தெனமும் பின்னாடியே போக முடியுமா? எடம் குடுத்தாத்தான் நாளைக்கு பஸ்ஸு."

இடம் ஒன்றே ஒன்று இருந்தது. தங்கப்பொண்ணுவின் இருபது செடி நிற்கும் மூலை. ஊரே அவளைப் பார்த்தது.

(இங்கே அவளை அழவைத்தேன். அவளுக்கு அது பொருந்தவில்லை. கிழித்துப் போட்டேன்.)

"பஸ்ஸுல அம்புட்டுப் பேரும் போவீக. செடி மட்டும் நான் குடுக்கணுமாக்கும்?" என்றாள்.

"ஊருக்காகத்தான மதினி," என்றான் வெள்ளைத்துரை.

"அப்ப ஒன் கடைக்குப் பின்னாடி கெடக்குற எடத்த எனக்குக் குடு. புதுசா செடி வச்சுக்கிறேன்."

வெள்ளைத்துரை டீ ஆற்றப் போய்விட்டான்.

4.

ஒரு முடிவு: மூலையைக் கொடுக்கிறாள். இருபது செடிக்கு முழு விலை, நாற்பது செடிக்குப் பாதி விலை, இரண்டும் ஒன்றுதான். ஊரே முன்னேறுகிறது, அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

இன்னொன்று: கொடுக்க மறுக்கிறாள். பஸ் பின்னாலேயே போகிறது, நாளைக்கு வராது. உள்ளே நான் சிரிக்கிறேன்.

மூன்றாவதாக, வெள்ளைத்துரை மனம் மாறி— இல்லை, அவனாக மாறமாட்டான். அவளுக்காக வேறு யாராவது இறங்கிப் போய்க் கேட்க வேண்டும்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். சன்னலோர சீட்டில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். அன்று நான் இறங்கவில்லை.

இறங்குகிறீர்களா?