சுலபமான சிஸ்டம்

விண்டோஸுக்குப் பதிலாகப் போட, புதியவர்களுக்குச் சுலபமான லினக்ஸ் எது என்று என் கணவர் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் ஒன்றை பென் டிரைவில் கொண்டுவந்து, என் தையல் கடைக் கம்ப்யூட்டரில் செருகி, "விண்டோஸை ஒழிச்சாச்சு!" என்று மார்தட்டினார்.

ஆனால் நான் வரைந்து வைக்கும் சட்டை டிசைன் எதுவும் மறுநாள் இருக்காது.

"என்னங்க, நேத்து வரைஞ்சதைக் காணோம்?"

"சுத்தமான சிஸ்டம்மா. தன்னைத்தானே துடைச்சுக்கும்."

இன்று காலை எரிச்சலில் பென் டிரைவை உருவி எறிந்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். பழைய ஃபைல்களோடு விண்டோஸ் ஜம்மென்று வந்து நின்றது. மனுஷன் இத்தனை நாளும் லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே வெள்ளோட்டம் விட்டிருக்கிறார்; அணைத்ததும் வரைந்ததெல்லாம் அழிந்துபோகும். இன்ஸ்டால் செய்யவே இல்லை.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் அசரவில்லை. "இதைவிடச் சுலபமா ஒண்ணு காட்டு பார்ப்போம். இன்ஸ்டாலே பண்ண வேண்டாம்!"