நோன்பில் கொடுத்த இரத்தம்

இருபத்திரண்டாம் நோன்பு அன்று, பின்னேரம் நாலு மணிக்கு, என் கணவர் றிஷாத் ஹட்டனில் ஒரு மாடி கிளினிக்கில் பரிசோதனைக்காகக் கையை நீட்டி இரத்தம் கொடுத்திருக்கிறார். இரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமா என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்த நேரத்தில் எடுத்தால் ரிப்போர்ட் சரியாக வருமா என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. இந்த மனிதரோடுதான் நான் ஏழு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

தலவாக்கலையில் எங்களுக்குப் புடவைக்கடை. இந்த வருடம் நோன்புப் பெருநாளும் சித்திரை வருடப்பிறப்பும் ஒட்டிக்கொண்டு வந்தன. பகலெல்லாம் தேயிலைத் தோட்டத்துச் சனம் உடுப்பு வாங்க வந்து நிற்கும். இரவு தராவீஹ் தொழுதுவிட்டு வந்து மறுபடி கடை. நாலு மணிக்குச் சஹர் சாப்பாட்டுக்கு எழும்ப வேண்டும். ஒரு மாதமாக மூன்று மணித்தியாலத் தூக்கம். அப்படிப்பட்டவன் களைத்துப்போகாமல் என்ன செய்வான்? எனக்கும்தான் களைப்பு. நான் எந்த மாடியிலும் ஏறவில்லை.

ஆனால் இவர் ஏறியதற்குக் காரணம் நான்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை தங்கியது, பிறக்கும் தேதிகூடக் குறித்துத் தந்தார்கள், இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டாவதற்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துவிட்டது, வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இந்த ஜனவரியில்தான் தைரியம் வந்து, இன்னொரு தடவை பார்ப்போமா என்று கேட்டேன். எனக்கு முப்பத்தெட்டு வயது, இனியும் தள்ளிப்போட முடியாது. அதைக் கேட்ட நாளிலிருந்து இவர் ஃபோனில் விளம்பரம் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். நாற்பதைத் தாண்டிவிட்டீர்களா, களைப்பா, உங்கள் ஆண் ஹோர்மோன் குறைந்திருக்கலாம் என்று.

ரிப்போர்ட்டில் குறைவு என்றுதான் வந்தது. வராமல் என்ன? மாதம் ஒரு ஊசி, ஒரு வருடத்துக்கு. ஊசி ஒன்று நாற்பத்தையாயிரம் ரூபாய். சரக்கு எடுக்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு நாலு ஊசி போட்டிருக்கிறார். பிறகு ஒரு நாள் துணிக் கட்டு ஒன்றைத் தனியாகத் தூக்கி வைத்துவிட்டு, பெருமையாக விஷயத்தைச் சொன்னார். பொய் சொல்வானேன், எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆள் சுறுசுறுப்பாக இருந்தார். பிள்ளைக்காகத்தானே செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் ஜனவரியிலிருந்து மாதாமாதம் ஏமாற்றம்தான் மிச்சம்.

எங்கள் பகுதி மிட்வைஃப் சுதர்ஷினி சேலை எடுக்க வந்தபோது பேச்சுவாக்கில் அவளிடம் சொன்னேன். விரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு, ஊசியின் பெயரைக் காட்டச் சொன்னாள்.

"ஹப்ஸாக்கா, பிள்ளைக்குப் பாக்குறவங்களுக்கு இந்த ஊசியப் போடவே மாட்டாங்க. போட்டா உள்ளது எல்லாம் நின்னு போகும். நாளைக்கே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

இரண்டு முறை போக வேண்டியிருந்தது. இரண்டாம் முறை விந்துப் பரிசோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அங்குள்ள டொக்டர் நோனா, ஒரு சிங்கள அம்மா, எங்கள் இருவரையும் பார்த்தார். உயிரணு ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து ஹோர்மோன் வந்தால் உடம்பு தன் வேலையை நிறுத்திவிடுமாம். நோன்பிலா இரத்தம் எடுத்தீர்கள் என்று சிங்களத்தில் இரண்டு தடவை கேட்டார். நன்றாகத் தூங்கி எழும்பிக் காலையில் எடுக்க வேண்டியதாம், அதையும் இரண்டு நாள் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம். இரண்டு தடவை தங்கியிருக்கிறதே, விந்தைப் பரிசோதிக்காமல் இவருக்கு ஏன் ஊசி போட்டார்கள் என்றும் கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. ஊசியை நிறுத்தினால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். ஒரு வருடம் கழிந்தால் என் வயது என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கும்போது இவருடைய ஃபோன் அடித்தது. கிளினிக்கிலிருந்து. நான் பிடுங்கிக்கொண்டேன். பிள்ளை வேண்டுமா என்று ஒரு தடவையாவது இவரிடம் கேட்டீர்களா என்றேன். அந்தப் பெண் மரியாதையாகப் பதில் சொன்னாள், ஐயாவின் ஃபோர்மில் இரண்டு பிள்ளைகள் என்று இருக்கிறதாம், டொக்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டாராம். பிறகு அதே குரலில், "அப்ப அஞ்சாவது ஊசிக்கு வியாழக்கிழமை பேரைப் போடட்டுமா மேடம்?" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. நாற்பத்தொரு வயது ஆம்பிளை, ஒரு ஃபோர்மில் உண்மையை எழுதத் தெரியாதா? உங்கள் வெட்கத்துக்கு என் ஒரு வருடமா விலை என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அந்த கிளினிக் பெண் எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டுக் கேட்டு எழுதினாள் என்றார். பக்கத்தில் தெரிந்த முகங்கள் இருந்தனவாம். பிள்ளை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம்.

இன்னும் ஏச வேண்டும் போலிருந்தது. ரெண்டு பிள்ளைக்கும் வயது என்னவென்று சொன்னீங்க, அதையும் சொல்லுங்களேன் என்றேன்.

"மூத்தவருக்கு நாலு," என்றார். "சின்னவருக்கு வாற மாசம் ரெண்டு முடியுதுன்னு சொன்னேன்."

அந்த இரண்டு தேதிகளையும் நான் ஒருத்திதான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.