போட்டிக்கு வந்த பெரியவர்

அந்தப் படகைப் பார்க்க வந்தவர்களுக்குக் குறைச்சலே இல்லை. வாங்கத்தான் ஆள் இல்லை.

படகு விற்றுக்கொடுக்கும் அந்த அலுவலகத்தில் விற்பனைப் பிரிவு என்றால் அது அவள் ஒருத்திதான். படகுத்துறையின் கடைசி மேடையில் கட்டிக் கிடந்த அந்த உல்லாசப் படகு ஒரு பல் டாக்டருடையது. இரண்டு படுக்கையறை, ஒரு சின்னக் கூடம், சமையல் மூலை, மேல்தட்டில் வளைத்துப் போட்ட சோபா. டாக்டர் படகுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போனதும் பெயரைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். சுரண்டிய பிறகுதான் எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. "சீக்கிரம் தள்ளி விடும்மா" என்று தினமும் போனில் அனத்துவார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. கூடத்தில் பூச்சாடி வைத்தாள். புது மெத்தை உறை போட்டாள். யாராவது வருகிறார்கள் என்றால் அரை மணி முன்னால் போய், மணத்துக்காகவே காபி போட்டு வைப்பாள். வந்தவர்களிடம், "இது படகு இல்ல சார், தண்ணி மேல ஒரு வீடு" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசுவாள். புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி எல்லா மூலையிலும் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. ஒருவர் மேல்தட்டு சோபாவை அளந்து, அதே மாதிரி தன் வீட்டு மொட்டைமாடியில் போட முடியுமா என்று கேட்டார். இன்னொரு புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் பாதியில் விட்ட சண்டையைக் கீழ் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிட்டு, காபியையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

முதலாளி ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"ஒத்த ஆளா வந்தா யோசிப்பான். பக்கத்துல இன்னொருத்தன் அதையே பாத்துக்கிட்டு நின்னா யோசிக்க மாட்டான். சனிக்கிழமை சலவைக்கடைக்காரர் வர்றார். ஊர் பூரா கடை வச்சிருக்கார், நல்ல பார்ட்டி. அதே நேரத்துக்கு இன்னொரு ஆளை வரவை."

"இன்னொருத்தர் யாரும் கேக்கலையே சார்?"

"கேக்கறவனைக் கூட்டிட்டு வரச் சொல்லலைம்மா. கேக்கற மாதிரி நிக்கறவனைச் சொல்றேன். உன் சொந்தத்துல பெரிய மனுஷன் களையோட யாரும் இல்லையா?"

புருஷனை நினைத்துப் பார்த்தாள். நல்ல மனுஷன், ஆனால் எந்தச் சட்டை போட்டாலும் கைமாற்று கேட்க வந்தவன் போல இருப்பான். மிச்சம் இருந்தது மாமனார்.

மாமனார் தபால் ஆபீசில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், வெள்ளிக்கம்பி போலத் தலைமுடி, நிமிர்ந்த நடை. வாயைத் திறக்காமல் நின்றால் நாலு கம்பெனிக்குச் சேர்மன் என்று சொல்லலாம். திறந்தால்தான் வம்பு. அவர் வாங்கிய பொருளைவிடத் திருப்பிக் கொடுத்த பொருள் அதிகம். குடை, செருப்பு, தலையணை எல்லாம் வீடு வந்து திரும்பிப் போயிருக்கின்றன. ஒருதடவை பாதி தின்ற தர்பூசணியைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கி வந்தார். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் கடைக்காரர்கள் மும்முரமாகக் கணக்குப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் எதிரிலேயே நிற்க, மகனிடம், "குழம்புல உப்பு இல்லன்னு சொல்லு" என்பார். அவள் வேலையைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்: "வாயால காசு பண்றா." அவள் எது சொன்னாலும், மழை வருகிறது என்று சொன்னால்கூட, ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

அவரிடம் போய்க் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது புருஷன்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தான். மாமனார் கையைத் தட்டில் வைத்தபடி யோசித்தார்.

"வாங்கற மாதிரி நிக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் மாமா. ஒரு வார்த்தை பேச வேண்டாம். நல்லா இருக்குன்னு தலையாட்டினா போதும்."

"வாங்க வந்தவன் எப்படிப் பாப்பானோ அப்படிப் பாப்பேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்."



சனிக்கிழமை சலவைக்கடைக்காரர் தன் அக்காவோடு வந்தார். அவர் மெல்லிய குரல்காரர். தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிற ரகம். கடைகளை உண்மையில் நடத்துவது அக்காதான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அக்கா மேடையில் நின்றபடி படகை, அழுக்குத் துணியை எடை போடுவது போல ஒரு பார்வை பார்த்தாள்.

பின்னாலேயே மாமனார், மகன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டோடு வந்து சேர்ந்தார்.

"இவரும் இந்தப் படகைத்தான் பாக்க வந்திருக்கார்" என்றாள் அவள். "வாங்க சார்." மாமனாரை 'சார்' என்றபோது நாக்கு கொஞ்சம் தடுக்கியது.

எல்லாரும் ஏறினார்கள். "இது படகு இல்ல சார், தண்ணி மேல ஒரு—" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மாமனார் பூச்சாடியைத் தூக்கிவிட்டார். அடியில் மேஜை கறுத்துப் போயிருந்தது.

"இது என்ன?"

"நிழல் சார்."

"நிழல் துடைச்சா கைல ஒட்டுமா?" விரலைக் காட்டினார். "பூ எதுக்கு வச்சிருக்குன்னு பாத்தேன்."

அவள் கண்ணைக் காட்டினாள். "கண்ணுல என்னம்மா, தூசியா? காத்தும் சரியில்ல இங்க" என்று ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார். ஜன்னல் அசையவில்லை.

"அது திறக்காது சார். தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கு."

"திறக்காததுக்குப் பேரு ஜன்னலா?"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டி, ஈரம் என்றார். கழிவறைக்குள் போய்க் கைப்பம்பை அடித்து அடித்து, ஒரு ஆள் உள்ளே போய்விட்டு வெளியே வருவதற்குள் பசி எடுத்துவிடும் என்றார். முன்பக்கத்துப் படுக்கையறையில் வெகுநேரம் நின்றார்.

"கட்டில் ஏன் முக்கோணமா இருக்கு?"

"படகோட மூக்கு அப்படி சார். எல்லாப் படகுலயும் இப்படித்தான்."

"எல்லாரும் தப்பு பண்ணினா சரியாயிடுமா? ரெண்டு பேர் படுத்தா நாலு காலும் ஒரே இடத்துல முட்டும். நித்தம் சண்டைதான். முன்னாடி வச்சிருந்தவர் குடும்பம் எப்படி?"

அவள் மெத்தை உறையை இழுத்துச் சரிசெய்தாள். சலவைக்கடைக்காரர் கட்டிலைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கடைசியாக மேல்தட்டில் நின்று மாமனார் தீர்ப்பு சொன்னார். "எல்லாத்துக்கும் மேல, இது ஆடுது."

அவ்வளவுதான், வியாபாரம் போச்சு என்று நினைத்தாள். அவர் நடிக்கவில்லை. தர்பூசணியைப் பார்த்த அதே கண்ணால்தான் பார்த்தார். திட்டக்கூட முடியாது, வாங்க வந்தவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொன்ன மனுஷன்.

படியோரம் அக்கா தம்பியை இழுத்து நிறுத்திக் கிசுகிசுப்பது காதில் விழுந்தது.

"பாத்தியாடா அந்தப் பெரியவரை?"

"அவர் சொல்றதைப் பாத்தா வேண்டாம்னு தோணுதுக்கா."

"உனக்கு எப்பத்தான் புத்தி வரும்! பிடிக்காதவன் இவ்வளவு நேரம் நிப்பானா? ரெண்டு நிமிஷத்துல இறங்கிப் போயிருப்பான். இவர் விலையை அடிக்கறதுக்காகக் குறையை அடுக்கறார். மனசுக்குள்ள வாங்கிட்டார். இப்ப நீ பேசலைன்னா போச்சு."

மாமனார் கழிவறைப் பம்பை இன்னொரு தடவை சோதிக்கக் கீழே இறங்கியிருந்த நேரத்தில், சலவைக்கடைக்காரர் முன்னால் வந்து, "நாங்களே எடுத்துக்கறோம்" என்றார். விலையில் பேரம்கூடப் பேசவில்லை.

மாமனார் மேலே வந்து விஷயம் கேள்விப்பட்டபோது முகம் சுருங்கியது. அது நடிப்பா நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. போகும்போது அக்காவிடம், "பின்னால விக்கறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லி, வீட்டு விலாசத்தையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு நடந்தார்.

"விலாசம் எதுக்கு மாமா கொடுத்தீங்க?" என்று ராத்திரி கேட்டாள்.

"வாங்க வந்தவன் அப்படித்தான் சொல்லிட்டு வருவான்" என்றார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெரியவரை மற்ற படகுகளுக்கும் கூட்டிவர முடியுமா என்று கேட்டார். ஆளே ஊரில் இல்லை என்று அவள் சொல்லிவைத்தாள். தான் மாசக்கணக்கில் புகழ்ந்தும் நகராத படகை, மனுஷன் ஒரு மணி நேரம் திட்டி விற்றுவிட்டாரே என்று அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலும்கூட.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு சாயங்காலம் அவள் அலுவலகத்திலிருந்து வந்து அடுப்பில் குழம்பை வைத்த கையோடு அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் வாசலில் அக்கா. மாடிப்படி ஏறிய மூச்சு வாங்கியபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓஹோ, நீ முந்திட்டியா? இவருக்கு வேற படகு காட்ட வந்தியாக்கும்?"

அவள் வாய் திறப்பதற்குள் அக்கா உள்ளே வந்துவிட்டாள். இரண்டு அறை வீடு. கொடியில் துணி. சுவரோரம் கூரை ஒழுகும் சொட்டுக்குப் பாத்திரம் வைத்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். "நிஜமாப் பணம் இருக்கறவங்க இப்படித்தான் எளிமையா இருப்பாங்க" என்று அவளிடமே சொன்னாள்.

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்கார்ந்ததும் நேரே விஷயத்துக்கு வந்தாள். "படகைக் கொடுத்துடலாம்னு இருக்கோம். நீங்க ஆசைப்பட்டது. வெளிய சொல்றதுக்கு முன்னால உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"ஏன் கொடுக்கறீங்க?"

"தம்பிக்கு நேரம் இல்ல." உண்மையில், கரை கண்ணுக்கு மறைந்தாலே தம்பிக்குப் பயம். துறைமுகத்துக்குள்ளேயே வட்டம் அடித்துவிட்டுத் திரும்பினார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. "ஆனா படகைப் பத்தி ஒரு சொல் சொல்ல முடியாது. தண்ணி மேல ஒரு வீடு."

சமையலறை வாசலில் நின்ற அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வசனத்தை அவளைவிட உருக்கமாகச் சொன்னாள் அக்கா. மாமனாரோ கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். "கம்பளத்து ஈரம் காஞ்சுதா? அந்தப் பம்பு? மேஜைக் கறை?" பிறகு முன்னால் சாய்ந்து, "சரி, என்ன விலை சொல்றீங்க?" என்றார்.

கையில் ஓட்டைக் காசு இல்லாத மனுஷன், உல்லாசப் படகுக்கு நெஞ்சாரப் பேரம் பேச ஆரம்பித்தார். அக்கா ஒரு படி இறங்க, இவர் ஒரு படிகூட ஏறவில்லை. எங்கே சம்மதித்துவிடுவாரோ என்ற பயத்தில் அவளுக்கு அடுப்பு நினைவே இல்லை. அந்த நேரம் பார்த்துப் புருஷன் காய்கறிப் பையோடு உள்ளே வந்தான்.

"என்னப்பா இது, ஏதோ கருகுது? ஏய், அடுப்புல என்ன வச்சே?" என்றவன் அப்போதுதான் விருந்தாளியைப் பார்த்தான்.

அக்கா அவனைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். கடைசியாக மாமனாரைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"என் மகன்."

"அப்ப இவ?"

மாமனார் பதில் சொல்வதற்குள் அவளே முன்னால் வந்தாள். "மருமக. எல்லாம் நான்தான் அக்கா. இவரை நான்தான் நிக்க வச்சேன். இவருக்கும் படகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப அந்தப் படகை வேற யாருமே கேக்கலையா?"

"இல்ல."

"இவர் அன்னிக்குச் சொன்ன குறை எல்லாம் நடிப்பா?"

மாமனாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "குறையில நான் பொய் சொன்னதே இல்லம்மா. வாங்கறேன்னு நின்னதுதான் பொய். அதுவும் ஒரு வார்த்தை வாயால சொல்லல."

அக்கா யோசித்துப் பார்த்தாள். நியாயம்தான். எல்லாக் குறையையும் கேட்டுக்கொண்டு வாங்கியது அவள்தான்.

"ஒண்ணு கேக்கறேன். நிஜமாவே காசு இருந்தா வாங்கியிருப்பீங்களா?"

மாமனார் மோவாயைத் தடவினார். "காசு இருந்தா புதுசு வாங்குவேன்."

அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள். "முதல்ல போய் அடுப்பை அணை" என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் அக்கா அலுவலகத்துக்கு வந்து மேஜை அதிர முதலாளியைக் காய்ச்சி எடுத்தாள். கமிஷன் இல்லாமல் படகைத் திரும்ப விற்றுக் கொடுப்பதாக முதலாளி கும்பிட்டார். அவளும் இந்தத் தடவை பூச்சாடி வைக்காமல், கறை இது, ஈரம் இது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் காட்டினாள். வந்தவர்கள், இவ்வளவைச் சொல்கிறாளே, சொல்லாதது எவ்வளவோ என்று பயந்து இறங்கிப் போனார்கள்.

சும்மா கிடந்தால் இன்ஜின் பாழாகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை படகை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. தம்பி வர மாட்டார். ஓட்டுநரோடு அக்காதான் போவாள். பேச்சுத் துணைக்கு மாமனாரைக் கூப்பிட்டனுப்பினாள். அங்கே இருவரும் ஓட்டுநர் படகைத் திருப்பும் விதத்தையும், தாங்கள் மாறி மாறிப் போட்ட காபியையும் குறை சொல்லிப் பொழுது போக்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, "அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. இத்தனை படகு வித்தவ, ஒருநாளாவது கடலுக்குள்ள போயிருக்காளா கேளுங்க" என்றாள். அவள் போனதில்லை.

துறைமுகம் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. அவள் மேல்தட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் பக்கத்தில் வந்தார். மகனும் இல்லை, வேறு ஆளும் இல்லை. நேரே அவளைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றாள், வாய்ப் பழக்கத்தில்.

"நிஜமாவா?"

அவள் ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். "இல்ல மாமா. குமட்டுது. எப்ப கரைக்குப் போவோம்னு இருக்கு."

அவர் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை. அப்படியே நம்பினார். ஓட்டுநரிடம் போய், "வண்டியைத் திருப்புப்பா. என் மருமகளுக்கு ஆகலை" என்று அதட்டினார்.