பனிமான்களுக்குக் காது வளர்ந்த ஆண்டு

எதேய்கோ ஸலிந்தர் அரசு எரிவாயு நிறுவனத்தின் தாளில் குறி போட்ட மறுநாள் காலை, அவருடைய முந்நூற்றுப் பன்னிரண்டு பனிமான்களுக்கும் அறுபட்ட காது முழுசாக வளர்ந்திருந்தது. ஏப்ரல் மாதம், காற்று வடமேற்கு. வடதுருவத்தை ஒட்டிய எங்கள் யமாலில் ஒரு மான் யாருடையது என்பதைக் காதில்தான் பார்க்க வேண்டும். ஸலிந்தர் வீட்டுக் குறி இடது காதின் நுனியில் ஒரு வெட்டு, அதற்குக் கீழே இரண்டு கொத்து. அவர் மனைவி ஹாத்னே கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த மந்தையின் காதுகளில் மட்டும் அவள் அப்பன் வீட்டுக் குறி அப்படியே இருந்தது. அந்த மான்கள் பத்தொன்பது.

தப்பு எங்கே நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கடற்கரை மேய்ச்சலுக்குப் போகும் வழியின் குறுக்கே குழாய் போட நிறுவனம் சம்மதம் கேட்டது. மான்கள் கடக்க ஒரு மேடு கட்டித் தருவதாகவும் சொன்னது. தாளைக் கொண்டுவந்த அதிகாரி க்ளெப் அர்கதியெவிச் நல்ல மனிதர், மீனுக்கு உப்புப் போடத் தெரியாது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. "பேரை எழுதினாப் போதும் பெரியவரே" என்றார். எதேய்கோவுக்கு எழுதத் தெரியும், விடுதிப் பள்ளியில் எட்டு வருஷம் இருந்தவர். ஆனாலும் சிரித்தார். "பேரு பள்ளிக்கூடத்துல வெச்சது தம்பி. அதைப் போட்டுட்டு நாளைக்கு நான் இல்லேன்னுகூடச் சொல்லலாம். இது எங்க அப்பன் குடுத்தது, இதுல பொய் நிக்காது" என்று குடும்பக் குறியைப் போட்டார். ஹாத்னே அடுப்பண்டையிலிருந்து, "ஏய்யா, அது மான் காதுல போடுறதுய்யா, தாள்ல போடுறதா?" என்று கேட்டாள். அவர் காதில் வாங்கவில்லை. நேர்மையான மனிதனுக்கு இப்படியொரு கிறுக்குத்தனம் வரும். நினைத்தால் இன்றும் எனக்கு வயிறெரிகிறது.

கோடையில் குழாய் வந்தது, இடுப்புயரம். மூட்டுக்கு மூட்டு இரும்பில் ஒரு வெட்டும் இரண்டு கொத்தும் இருந்தன. பற்றவைப்பவர்கள் அரைத்துத் தேய்த்தார்கள், மதியச் சாப்பாடு முடிந்து வந்தால் மறுபடி இருந்தது. மூன்று நாளில் அலுத்துப்போய் அதன் மேலேயே வண்ணம் பூசினார்கள். அடுத்த வசந்தத்தில் குடும்பம் வடக்கே கிளம்பியபோது காது வளர்ந்த மான்கள் குழாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டன. மேடு சரியாகத்தான் கட்டியிருந்தது, குறை சொல்வதற்கில்லை. ஹாத்னேயின் பத்தொன்பதும் அதில் ஏறி அந்தப் பக்கம் போய்ப் பாசி மேய்ந்தன. மற்றவை குழாயோடு குழாயாக ஒட்டி நின்றன, சொந்தக்காரனோடு நிற்பதுபோல. நாய்கள் குரைத்து ஓய்ந்தன. குட்டி போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, கடற்கரையில்தான் அதற்குப் புல் உண்டு.

"இதுங்க கெடக்கட்டும். நீ வா, என்னோடதை வெச்சுப் பொழைச்சுக்கலாம்" என்றாள் ஹாத்னே. எதேய்கோ மேட்டில் ஏறினார். உச்சியில் அவருடைய வலது கால் நின்றது, பிறகு இடது காலும். கை அந்தப் பக்கம் போனது, தலை போனது, கால் மட்டும் போகவில்லை. அவள் தோளைப் பிடித்து இழுத்தாள், பிறகு சறுக்குவண்டியில் கட்டி இழுத்தாள். வண்டி போனது, அவர் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "என் குறி எங்கயோ நானும் அங்கதான் போல" என்றார். ஹாத்னே அவரைத் திட்டினாள், அவர் அப்பனைத் திட்டினாள், அப்புறம் அழுதாள். தன் பத்தொன்பதும் கடற்கரையில் குட்டி போட வேண்டியிருந்ததால் அன்றே கிளம்பிவிட்டாள்.

க்ளெப் அர்கதியெவிச் விஷயத்தைத் தலைநகருக்கு எழுதினார். குறியைத் திருப்பித் தருவதற்கான படிவம் எதுவும் இல்லை என்று பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டையும் நிறுவனச் சொத்தில் சேர்த்திருந்தார்கள், எதேய்கோவைக் குழாய்க் காவலராக நியமித்திருந்தார்கள். கடல் பார்க்காமல் அவருக்குப் பன்னிரண்டு வருஷம் போனது.

அவர் மேட்டில் நின்றுபோன அந்த முதல் வருஷ இலையுதிர் காலத்தில் ஹாத்னே திரும்பி வந்தபோது, அவர் கால் வராதென்றால் வீடு வரட்டும் என்று கூடாரத்தைக் குழாயின் மேலேயே அடித்தாள். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், நடுவில் இரும்பு. வாசல் இரண்டு. விருந்தாளிகள் தாங்கள் வரும் திசையைப் பார்த்து நுழைவார்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. படுக்கும்போது இருவரும் குழாயின் மேலாகக் கை கோத்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் வந்ததும் கடற்கரைக்குக் கிளம்ப அவள் தன் பக்கத்துக் கூடாரத் தோல்களைச் சுருட்டுவாள். அவர் தன் பக்கத்துக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குழாயின் மேலாக அவளிடம் நீட்டுவார்.